நட்டத்தில் ஓடும் பட்டறையில் தண்ணீரை மிச்சம் பிடிப்பது எப்படி?

திருப்பூரில் பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றித் தரும் ஜாப் ஒர்க் சாயப்பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டது சுருக்கமாக இது. இரண்டு வருடமாகத் தொழில் கையைக் கடிக்கிறது. பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பில்லும் விறகுச் செலவும் சேர்ந்து கிலோவுக்குக் கிடைக்கும் கூலியைத் தின்றுவிடுகின்றன. தண்ணீர்க் கட்டணத்தை இன்னும் ஏற்றினால்தான் பட்டறைக்காரர்கள் சிக்கனத்துக்கு வருவார்கள் என்று பேசுகிறார்களே, அது சரியா? தான் குடியிருக்கும் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு அவரே செயலாளர் என்பதால் கூடவே இன்னொரு கேள்வி: அங்கே லாரித் தண்ணீர்ச் செலவைக் குறைக்க என்ன செய்வது?

முதல் கேள்விக்குப் பதில்: பாதிதான் சரி. விலை ஏறினால் வசதியுள்ள நிறுவனம் யோசிக்கும், மெஷினை மாற்றும். நொடித்துப்போகும் நிலையில் இருக்கும் நிறுவனம் யோசிக்காது. வேறு ஏதாவது ஒரு பில்லைத் தள்ளிப்போட்டு இதைக் கட்டும், இல்லாவிட்டால் ராத்திரியில் வால்வைத் திறந்து கழிவை ஆற்றில் விட்டுவிடும். அப்படிப்பட்ட நிறுவனம் சிக்கனத்துக்கு வர மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அந்த மாத பில்லிலேயே தெரிய வேண்டும். முன்னால் போட வேண்டிய முதலை வேறு யாராவது தாங்க வேண்டும். பக்கத்துப் பட்டறைக்கும் அதே விதி இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். ஊரே அறிந்ததுதான், ஆனால் அதிலுள்ள விலைக் கணக்கை யாரும் பேசுவதில்லை. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குத் தண்ணீர் தேக்குவதற்குப் பதில் சாயத் தண்ணீரைத் தேக்கியது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஏறுவரிசை அபராதம் விதித்தது. வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, சில மாதம் கழித்து 8 பைசா, பிறகு 10 பைசா. லிட்டருக்கு 6 பைசா என்றால் ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாய். அந்தக் காலத்தில் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் குழாயில் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த தண்ணீரின் விலையே ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய். அதாவது வாங்குகிற விலையைவிட வெளியே விடுவதற்கான அபராதம் அதிகம். பொருளாதாரப் புத்தகப்படி பார்த்தால் இதற்கு மேல் ஒரு விலைச் சமிக்ஞை தேவையில்லை.

ஆனால் நடந்தது வேறு. 2009-ல் உச்ச நீதிமன்றமும், மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று உறுதி செய்தது. அதற்குப் பிறகும் ஆற்றில் உப்பு குறையவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, பிளீச்சிங் ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஏன் அபராதம் வேலை செய்யவில்லை? சாயத் தண்ணீரில் பெரிய தொல்லை நிறமல்ல, உப்பு. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற வேண்டுமானால் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அப்படியே கழிவில் வரும். சாதாரண சுத்திகரிப்பு நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. நிலத்தில் விட அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. அதை எட்ட ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ.வில் கழியும் ரிஜெக்ட்டை, அதாவது செறிவான உப்புக் கழிவை, என்ன செய்வது என்பதற்கு அன்று யாரிடமும் ஓடுகிற விடை இல்லை. ஒரு தனிப் பட்டறைக்காரர் எவ்வளவு அபராதம் கட்டினாலும் அவரால் ஆவியாக்கும் இயந்திரம் வாங்க முடியாது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் விலையை ஏற்றினால் அது இன்னொரு செலவுக் கணக்காகத்தான் நிற்கும், நடத்தை மாறாது.

மூடிய பிறகு வழி பிறந்தது எப்படி என்று பாருங்கள். தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் பொது நிலையத்தில் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ரிஜெக்ட்டை முழுக்க ஆவியாக்காமல், சுத்தம் செய்த உப்புக் கரைசலாகவே திருப்பிப் பட்டறைக்குக் கொடுத்து அடுத்த லாட்டின் (ஒரே தடவையில் மெஷினில் போடும் துணியின்) டையிங்குக்குப் பயன்படுத்துவது. மீதியைத்தான் எவாபரேட்டர் என்னும் ஆவியாக்கும் இயந்திரத்துக்கு அனுப்புவது. அது ஓடியது. பிறகு மற்ற நிலையங்களும் அதே பாதைக்கு வந்தன. தண்ணீரில் பெரும்பகுதி திரும்ப வருகிறது, டையிங்குக்குப் போடும் உப்பான கிளாபர் சால்ட்டும் திரும்ப வருகிறது. முதலின் ஒரு பங்கை அரசு தாங்கியது, ஊருக்குள் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, திரும்பி வந்த தண்ணீரும் உப்பும் பட்டறையின் வாங்கும் செலவைக் குறைத்தன. அபராதத்தால் ஆகாதது இப்படி ஆனது. இடைப்பட்ட மாதங்களில் ஆர்டர்கள் வேறு ஊர்களுக்கு ஓடியதும், பக்கத்து மாவட்டங்களில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்ததும் தனிக் கதை. விதி திருப்பூருக்கு மட்டும் இருந்ததன் விலை அது. மற்ற மாநிலங்களில் இந்தக் கெடுபிடி இல்லையே என்ற புலம்பல் இன்றும் உங்கள் சங்கக் கூட்டங்களில் கேட்பதற்குக் காரணமும் அதுதான், அதில் நியாயமும் உண்டு.

சரி, இனி உங்கள் பட்டறைக்குள் வருவோம். தண்ணீர் எங்கே போகிறது என்பதை ஒரு லாட்டின் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

250 கிலோ துணி. சாஃப்ட் ஃப்ளோ மெஷின். ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினை ஒருமுறை நிரப்ப, 2,000 லிட்டர். பிளீச், ஒரு ஹாட் வாஷ், பெராக்சைடு நீக்கம், டையிங், கோல்ட் வாஷ், ஆசிட் நியூட்ரல், சோப்பிங், ஹாட் வாஷ், மறுபடி சோப்பிங், கோல்ட் வாஷ், ஃபிக்ஸிங், சாஃப்ட்னர். பன்னிரண்டு பாத். முதல் பாத்துக்குப் பிறகு துணியே தன் எடையைப்போல் மூன்று மடங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் ஒவ்வொரு முறை வடித்து நிரப்பும்போதும் 1,250 லிட்டர்தான் புதிதாக ஏறும். கூட்டினால் 15,750 லிட்டர், கிலோவுக்கு 63 லிட்டர். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரும் கணக்கு. இப்போது ஆபரேட்டர் ஒரு கோல்ட் வாஷை வடித்து நிரப்பாமல், மேலே தண்ணீரைத் திறந்துவிட்டுக் கீழே ஓவர்ஃப்ளோ ஓடவிடுகிறார். நிமிடத்துக்கு 200 லிட்டர், இருபது நிமிடம். 4,000 லிட்டர் போய்விட்டது. மூன்று பாத்துக்கு மேல். அந்த இருபது நிமிடத்தில் அவர் டீக்குப் போயிருப்பார்.

அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. டையிங் மாஸ்டரின் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். ஷேடு (கேட்ட நிறம்) தப்பினால், பார்ட்டி போனில் கத்தினால், துணியில் சாயம் கசிந்தால், பழி அவர் மேல். ஒரு வாஷ் கூடப் போட்டால் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அவர் செய்வது அவர் கணக்கில் முழுக்க நியாயம். அதனால்தான் பல பட்டறைகளில் வெளிர் ரோஸுக்கும் நேவி ப்ளூவுக்கும் ஒரே ப்ரோக்ராம் ஓடுகிறது. வெளிர் நிறத்தில் போடும் சாயமே கொஞ்சம், அதில் ஒட்டாமல் மிஞ்சுவது அதிலும் கொஞ்சம். அதற்கு இரண்டு சோப்பிங் எதற்கு? ஒரு சோப்பிங்கையும் அதோடு வரும் ஹாட் வாஷையும் எடுத்துவிட்டு சாயம் கசிகிறதா என்று பார்க்கும் ஃபாஸ்ட்னஸ் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தாங்கும். பிளீச்சுக்குப் பிறகான ஹாட் வாஷும் அப்படித்தான். பெராக்சைடைக் கொல்லும் என்சைம் போட்டால் அந்தப் பாத்திலேயே டையிங்கைத் தொடங்க முடியும்.

இரண்டு பாத் குறைந்தால் லாட்டுக்கு 2,500 லிட்டர், கிலோவுக்கு 10 லிட்டர். உங்கள் பட்டறை நாளுக்கு ஐந்து டன் ஓட்டுகிறது என்றால் 50,000 லிட்டர். தண்ணீர் வாங்கும் விலை, பொது நிலையத்தின் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆயிரம் லிட்டருக்கு 200 ரூபாய் என்று கணக்குக்காக வையுங்கள் (உங்கள் பில்லைப் பார்த்து இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்): நாளுக்கு 10,000 ரூபாய், மாதம் 26 நாளுக்கு 2,60,000. எல்லா லாட்டும் வெளிர் நிறமல்ல என்று பாதியாகக் குறைத்தாலும் ஒரு மாஸ்டரின் சம்பளத்தைவிட அதிகம். குறைத்த வாஷ் ஹாட் வாஷாக இருந்தால் கூடுதல் லாபம். 1,250 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 80-க்கு ஏற்ற, உங்கள் பாய்லர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, 30-40 கிலோ விறகு எரியும்.

உப்பும் இதே கணக்கில் வரும். உப்பு லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் போடுகிறீர்கள், துணிக்கு இத்தனை கிராம் என்று அல்ல. லிட்டருக்கு 60 கிராம் என்றால், பழைய விஞ்ச் மெஷினில் கிலோவுக்கு 15 லிட்டர் வைக்கும்போது ஒரு கிலோ துணிக்கு 900 கிராம் உப்பு. எட்டு லிட்டரில் 480 கிராம். ஆறு லிட்டரில் 360. பொது நிலையத்தில் எவாபரேட்டரின் பசி அந்த உப்பைப் பொறுத்தது. எவாபரேட்டர்தான் அங்கே கரண்டையும் நீராவியையும் குடிக்கும் பேய்.

ஆனால் தண்ணீர்ச் செலவில் எல்லாவற்றையும் விட மோசமானது ரீ-டையிங். ஷேடு தப்பிய லாட்டின் சாயத்தை உரித்து மறுபடி சாயம் ஏற்றினால் தண்ணீர், உப்பு, விறகு, நேரம் எல்லாம் இரட்டிப்பு, கூலி மட்டும் ஒன்று. பத்து லாட்டில் ஒன்று திரும்பி வருகிறது என்றால் உங்கள் தண்ணீர் பில்லில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதனால் தண்ணீர் சிக்கனத்துக்கு என்னிடம் யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால், ஷேடு லேபில் நல்ல ஆளையும் சரியான தராசையும் வையுங்கள் என்பேன். கேட்பவர்கள் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள், ஏதாவது புது மெஷின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

மாஸ்டரிடம் போங்கள் இப்போது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மீட்டர் வையுங்கள், மொத்தக் குழாயில் ஒன்று இருந்தால் போதாது. லாட் கார்டில் ஷேடு, கிலோ, லிட்டர், ரீ-டையிங் உண்டா இல்லையா என்று நாலு கட்டம் சேருங்கள். மாதக் கடைசியில் மிச்சமான தொகையில் ஒரு பங்கை மாஸ்டருக்கும் ஆபரேட்டருக்கும் கையில் கொடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு போதும், ஆனால் அந்த மாதமே கொடுக்க வேண்டும், தீபாவளி போனஸில் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லக்கூடாது. வாஷைக் குறைத்ததால் ஏதாவது லாட் தப்பினால் அந்தப் பழி மாஸ்டர் மேல் விழாது என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் பங்கு மட்டும் கொடுத்தால் அவர் பயந்துகொண்டு பழையபடியே ஓட்டுவார்.

முதல் போட வேண்டியவை அடுத்து. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய்வரும் கூலிங் வாட்டர் சுத்தமான தண்ணீர், சூடான தண்ணீர். அதைச் சாக்கடையில் விடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு டேங்கும் பைப்பும் போட்டு ஹாட் வாஷுக்குத் திருப்பினால் தண்ணீரும் மிச்சம், விறகும் மிச்சம். நீராவி குளிர்ந்து வரும் தண்ணீரான கண்டன்சேட்டைப் பாய்லருக்குத் திருப்புவதும் அதே ஜாதி. இவையெல்லாம் சில மாதங்களில் போட்ட பணத்தைத் திருப்பித் தருபவை. எக்ஸ்போர்ட்டர் 90 நாள், 120 நாள் கழித்துப் பணம் தரும் தொழிலில் அதற்கு மேல் காத்திருக்க உங்களால் முடியாது.

புது மெஷின் கடைசி. விஞ்ச் இன்னும் வைத்திருப்பவர் சாஃப்ட் ஃப்ளோவுக்கு மாறினால் தண்ணீர் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் நட்டத்தில் ஓடும் பட்டறைக்கு, மூன்று வருடத்தில் பணம் திரும்பும் மெஷின் என்பது கிடைக்காத மெஷின். அரசு கை கொடுக்க வேண்டிய இடம் இதுதான். 1999-ல் தொடங்கிய ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், வட்டியில் ஒரு பங்கை அரசே ஏற்று, பலரை மெஷின் மாற்ற வைத்தது. ஆனால் வங்கி கேட்கும் இருப்புநிலைக் கணக்கு கையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கதவு எளிதாகத் திறந்தது. நட்டக் கணக்கு வைத்திருப்பவரிடம் வங்கி மேனேஜர் ஃபைலை மூடிவிடுவார். என் கருத்தில், இப்படிப்பட்டவர்களுக்கு மானியத்தைவிட நல்லது இன்னொன்று உண்டு. மெஷினையோ மீட்டர்களையோ பொதுச் சுத்திகரிப்பு நிலையமே வாங்கிக் கொடுத்து, தண்ணீர் குறைந்ததால் மிச்சமாகும் பணத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்வது. நிலையத்துக்கு உறுப்பினரின் ஒவ்வொரு லிட்டரும் தெரியும், பில் போடுவதும் அதுதான். வங்கியைவிட அதற்கு வசூல் சுலபம்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனால் நீங்கள் கட்டாயம் இதில் மாட்டுவீர்கள். பொது நிலையத்தின் செலவில் பெரும்பங்கு மாறாத செலவு: கடன் தவணை, ஆட்கள் சம்பளம், மின்சாரத்தில் டிமாண்ட் சார்ஜ். மாதம் ஒரு கோடி ரூபாய் மாறாத செலவு என்றும், எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு லட்சம் கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் ஆயிரம் லிட்டர்) அனுப்புகிறார்கள் என்றும் வையுங்கள். கிலோலிட்டருக்கு 100 ரூபாய் அதற்கே போய்விடும். எல்லாரும் சிக்கனமாக இருந்து 80,000 ஆக்கினால் அந்த 100 ரூபாய் 125 ஆகும். பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "தண்ணியக் கொறச்சா ரேட்ட ஏத்துறீங்க, கொறைக்கலைன்னா ஃபைன் போடுறீங்க, நாங்க என்னதான் பண்றது?" என்று கேட்பார். அவர் கேட்பது சரி.

தண்ணீர் விற்கும் கம்பெனிக்கும் இதே கதிதான். மேலே சொன்ன, திருப்பூருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த கம்பெனியின் திட்டம் நாளுக்கு 18.5 கோடி லிட்டருக்குக் கட்டப்பட்டது. 2005-ல் தண்ணீர் வர ஆரம்பித்தது. சாய ஆலைகள் மூடப்பட்டதும், பிறகு அவை தம் தண்ணீரைத் தாமே திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியதும், அந்தக் கம்பெனி விற்பதற்கு ஆளில்லாமல் கடனில் தவித்தது. ஆற்றுக்கு நல்லது நடந்த அதே காரணத்தால் தண்ணீர்க் கம்பெனி தள்ளாடியது. லிட்டர் கணக்கில் மட்டும் வருமானம் வரும் எந்த நிறுவனமும் வாயால் சிக்கனம் பேசும், மனசுக்குள் விற்பனை குறையக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இது ஊரறிய நடந்தது. 2018 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. மக்கள் அசந்துபோகும் அளவுக்குக் குறைத்தார்கள், அணைகளும் தப்பின. மாநகராட்சியின் தண்ணீர் வருமானமும் கூடவே சரிந்தது. அந்த ஜூலையில் குழாயின் விட்டத்தை வைத்து ஒரு நிலையான மாதக் கட்டணம் கொண்டுவந்தார்கள். சொன்னபடி குறைத்ததற்கு இதுதான் பரிசா என்று மக்களுக்குக் கோபம். செய்தது தவறல்ல, செய்த வேளை தவறு என்பது என் எண்ணம். சிக்கனம் செய்யச் சொல்வதற்கு முன்பே கட்டணத்தை இரண்டாகப் பிரித்திருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது.

எனவே உங்கள் பொது நிலையத்தின் கட்டணம் இரண்டு பகுதியாக இருக்கட்டும். மாறாத செலவை உறுப்பினர்களின் பங்கு அளவில், அதாவது நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய கொள்ளளவின்படி, பிரியுங்கள், அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அது உண்டு. மாறும் செலவை, அதாவது ரசாயனம், ஆவியாக்கும் மின்சாரம், சேறு அகற்றுதல் ஆகியவற்றை, உண்மையில் அனுப்பிய தண்ணீருக்கும் அதிலுள்ள உப்புக்கும் சேர்த்து வாங்குங்கள். உப்பை விட்டுவிட்டு லிட்டரை மட்டும் கணக்கிட்டால் எல்லாரும் தண்ணீரைக் குறைத்து அதே உப்பைச் செறிவாக அனுப்புவார்கள், எவாபரேட்டர் பில் குறையவே குறையாது. உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்றும் அரிதான பொருளல்ல. இதற்கு மேல், குறைத்ததால் காலியான பங்கை இன்னொரு உறுப்பினருக்கு வாடகைக்கு விட விதியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இடம் கொடுத்தால், சிக்கனம் செய்தவருக்கு மாறாத பகுதியிலும் பணம் திரும்பும். தள்ளாடும் பட்டறைக்கு அதைவிட நல்ல ஊக்கம் வேறில்லை. ஆனால் வாடகைக்கு எடுப்பவர் உண்மையில் எவ்வளவு அனுப்புகிறார் என்பதை மீட்டர் சொல்ல வேண்டும், அவர் வாய் சொல்லக்கூடாது.

இன்னொரு சிறு வருமான வழி. வெளிநாட்டு பிராண்டுகள் இப்போது சப்ளையர்களிடம் கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கின்றன. லாட் வாரியாக மீட்டர் பதிவு உள்ள பட்டறை அந்த எண்ணைக் காட்டலாம். கூலி ஏறும் என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் உங்களை விட்டுப் போகாமல் இருக்க உதவும், இந்த நேரத்தில் அதுவே பெரிது.

இனி அபார்ட்மென்ட்.

லாரித் தண்ணீர்ச் செலவை நீங்கள் சதுர அடிக் கணக்கில் மெயின்டனன்ஸோடு சேர்த்து வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான சங்கங்கள் அப்படித்தான். அதில் இரண்டு பேர் உள்ள மூன்று பெட்ரூம் வீடு, ஆறு பேர் உள்ள இரண்டு பெட்ரூம் வீட்டின் தண்ணீருக்குப் பணம் கட்டுகிறது, இரண்டு வீட்டுக்கும் தான் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரியாது. பட்டறையில் மாஸ்டருக்கு இருந்த அதே நிலைதான். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்காமல் எத்தனை சர்க்குலர் ஒட்டினாலும் லிஃப்ட் சுவர்தான் அழுக்காகும். பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கே சமையலறை, இரண்டு பாத்ரூம், பால்கனி என்று தனித்தனியாக மேலிருந்து குழாய் இறங்கும், நாலு மீட்டர் வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் முதலில் எல்லா வீட்டின் ஃப்ளஷ் டேங்கையும் ஒரு பிளம்பரை வைத்துப் பாருங்கள், சத்தமில்லாமல் ஒழுகுவது அங்கேதான். பழைய டேங்க் ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டர் விடும், இரட்டை பட்டன் உள்ளது மூன்று அல்லது ஆறு லிட்டரில் வேலையை முடிக்கும்.

மீட்டர் வைத்த பிறகு, ஒவ்வொரு வீட்டுக்கும் பில்லோடு ஒரு வரி சேருங்கள்: உங்கள் வீட்டில் ஆளுக்கு இத்தனை லிட்டர், நம் கட்டடத்தில் நடுத்தர அளவில் செலவழிக்கும் வீட்டில் ஆளுக்கு இத்தனை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காப் கவுன்டியில் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிக்கனக் குறிப்புகள் மட்டும் அனுப்பிய வீடுகளில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய வீடுகளில் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பயன்பாடு இறங்கியது, அதிகம் செலவழிக்கும் வீடுகளில் இன்னும் கூடுதலாக. காலப்போக்கில் அந்த விளைவு மங்கியது. ஐந்து சதவீதம் பெரிய தொகையல்ல, ஆனால் அதற்கு ஆகும் செலவு ஒரு வரி மை.

கட்டணத்தை எப்படி அடுக்குவது என்பதில் கவனம் வேண்டும். டெல்லியில் 2015 முதல் மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம், ஆனால் அதைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்ல, முழு அளவுக்கும் பில் வரும். 19,000-ல் இருப்பவர் தாண்டாமல் இருக்கப் பார்ப்பார், நல்லதுதான். ஆனால் 10,000-ல் இருப்பவர் குறைக்க ஒரு காரணமும் இல்லை, 35,000-ல் இருப்பவர் 30,000 ஆக்கினாலும் அந்த இலவசம் கிடைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படை அளவை மலிவாகக் கொடுத்து, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் லாரிக்காரர் வாங்கும் விலையையே வைப்பேன். வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் பாட்டி தாத்தாவோடு இருக்கும் குடும்பம்தான் அபராதம் கட்டும். இதில் சண்டை வரும், ஆள் எண்ணிக்கையில் பொய்யும் வரும். ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லும் அளவுக்குப் போகாதீர்கள், நாலு பேர் சொல்லும் கணக்கை நம்பிவிட்டுப் போங்கள்.

இந்த ஆள் கணக்கு நகராட்சி அளவில் இன்னும் முக்கியம். திருப்பூரில் வெளியூர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரே இணைப்பில் எட்டுக் குடித்தனம், பத்துக் குடித்தனம் இருக்கும். பயன்பாடு ஏற ஏற விலை ஏறும் கட்டணத்தை அந்த இணைப்புக்கு அப்படியே போட்டால், ஆளுக்கு ஆறு குடம் செலவழிப்பவர்கள் தோட்டம் வைத்திருக்கும் பங்களாவைவிட அதிக விலை கொடுப்பார்கள். வீட்டு உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். இணைப்புக்கு எத்தனை குடித்தனம் என்று பார்த்து அடுக்கைப் பெருக்கிக் கொடுக்காத எந்த ஏறுவரிசைக் கட்டணமும் ஏழையிடமிருந்து வாங்கிச் சிக்கனம் காட்டுவதாகத்தான் முடியும்.

இன்னொன்று, தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியாது. நாலு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில், புதுத் தண்ணீர் வந்ததும் அண்டாவில் இருக்கும் பழைய தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுப் பிடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நேரம் தவறாமல் வருகிற குழாய்தான் அங்கே முதல் சிக்கனத் திட்டம்.

உங்கள் லாட் கார்டுகள் மூன்று மாதத்துக்கு இருந்தால் அனுப்புங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஷேடுக்கு எத்தனை பாத் போட்டீர்கள், எது ரீ-டையிங் ஆனது என்பது மட்டும் இருந்தாலே எந்த இரண்டு வாஷை முதலில் எடுக்கலாம் என்று சொல்லிவிடலாம். வெளிர் நிறங்களைத் தனியாகப் பிரித்து வைத்து அனுப்பினால் எனக்கு வேலை மிச்சம்.